புதுச்சேரியில் பறந்த தேர்
முதல் மாயக் கதையை அச்சில் கொண்டுவரப் பாடுபட்டவர்கள்

நினைத்தவுடன் பறக்கும் ஒரு தேர்!

ஏறி உட்கார்ந்தால் போதும். கந்தர்வர்கள் வாழும் உலகத்துக்குப் போகலாம். சத்தியம் ஒன்றே ஆளும் உலகத்துக்குப் போகலாம். கவலையே இல்லாத உலகத்தின் வாசல் வரை போய் எட்டிப் பார்க்கலாம்.

இது பாட்டி சொன்ன கதை அல்ல. சினிமாவும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் வந்த புத்தகம். வந்த ஆண்டு 1910. புத்தகத்தின் பெயர் "ஞானரதம்".

எழுதியவர் யார் தெரியுமா? சுப்பிரமணிய பாரதியார்!

பாரதியார் என்றால் எல்லோருக்கும் பாட்டுதான் நினைவுக்கு வரும். அவர் வசனத்தில் ஒரு மாய உலகக் கதையும் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 27. கையில் பணம் இல்லை. சொந்த ஊருக்குப் போகவும் வழி இல்லை. அவர் குடியிருந்த ஊர் புதுச்சேரி.

அடைக்கலம் தந்த ஊர்

அந்தக் காலத்தில் சென்னையை இங்கிலீஷ்காரர்கள் ஆண்டார்கள். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். இந்த ஊரில் இங்கிலீஷ் போலீசுக்கு அதிகாரம் இல்லை.

பாரதியார் சென்னையில் "இந்தியா" என்ற வாரப் பத்திரிகையில் எழுதிக் கொண்டிருந்தார். சூடான எழுத்து! ஆட்சியாளர்களுக்குப் பொறுக்கவில்லை. 1908-ம் ஆண்டு பத்திரிகையின் மீது வழக்கு வந்தது. ஆசிரியர் என்று பதிவு செய்யப்பட்டிருந்தவர் கைதானார். அடுத்தது பாரதியார்தான் என்று நண்பர்கள் பயந்தார்கள்.

பாரதியார் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். பத்திரிகையும் பின்னாலேயே வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் புதுச்சேரியில் "இந்தியா" அச்சாகத் தொடங்கியது.

அந்தப் பத்திரிகையில்தான் "ஞானரதம்" தொடராக வந்தது. பிறகு புத்தகம் ஆயிற்று.

தேர் போன இடங்கள்

கதை சென்னையில் ஆரம்பிக்கிறது. திருவல்லிக்கேணி வீரராகவ முதலி தெருவில் ஒரு வீடு. மாலை நேரம். கதை சொல்பவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். மனம் சலிக்கிறது. "ஞானம்" என்ற தேரைக் கூப்பிடுகிறார். தேர் வருகிறது. ஏறிக் கொள்கிறார்.

முதலில் போவது உபசாந்தி லோகம். அங்கே கவலை என்பதே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. மனத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே போனால் மனம் செத்துவிடும்! மனமோ பயந்து நடுங்குகிறது. கூடவே பிறந்து வளர்ந்த மனத்தை விட்டுப் போக அவருக்கும் மனம் வரவில்லை. தேரைத் திருப்பி விடுகிறார்.

அடுத்து கந்தர்வ லோகம். பாட்டும் ஆனந்தமும் நிறைந்த உலகம். அங்கே பர்வதகுமாரி என்ற கந்தர்வப் பெண் அவருக்கு வழி காட்டுகிறாள். அதன் பிறகு சத்திய லோகம். தர்ம லோகமும் உண்டு.

நடுவில் இன்னொரு உலகமும் வருகிறது. அது நம்முடைய மண்ணுலகம்! வீட்டுக் கவலை, பணக் கவலை, பத்திரிகை வேலை எல்லாம் அங்கே காத்துக் கொண்டிருக்கின்றன.

மாயக் கதையின் ரகசியமே இதுதான். தேர் எவ்வளவு உயரம் பறந்தாலும் கடைசியில் நம் வீட்டு வாசலுக்குத்தான் வர வேண்டும். அந்த உலகத்தைப் பார்த்து வந்தவனுக்கு இந்த உலகத்தின் குறையும் தெரியும். நிறையும் தெரியும்.

கனவுக்குத் தடை!

இங்கிலீஷ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. "இந்தியா" பத்திரிகை தங்கள் எல்லைக்குள் வரக் கூடாது என்று தடுத்தார்கள். வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். சந்தா வராமல் பத்திரிகை எப்படி நடக்கும்? 1910 மார்ச் மாதம் நின்றுவிட்டது.

மறு ஆண்டு இன்னொரு அடி விழுந்தது. பாரதியாரின் இரண்டு சிறு புத்தகங்களுக்குச் சென்னை அரசாங்கம் தடை போட்டது. ஒன்று "ஆறில் ஒரு பங்கு" என்ற கதை. இன்னொன்று அவர் தம் வாழ்க்கையைப் பற்றிப் பாடிய பாட்டுப் புத்தகம். அதன் பெயர் "கனவு".

ஆமாம், கனவுக்கே தடை!

"சின்னச் சங்கரன் கதை" என்று இன்னொரு கதையும் எழுதினார். கேலியும் கிண்டலும் நிறைந்த கதை. அதன் கையெழுத்துப் பிரதியில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. இன்று நமக்குக் கிடைப்பது சில அத்தியாயங்களே. அந்தக் காலத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். அது போனால் போனதுதான்!

ஈய எழுத்தும் பெரிய செலவும்

அன்று ஒரு புத்தகம் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரியும்.

அச்சுக்கூடத்தில் சிறு சிறு அறைகள் கொண்ட மரப்பெட்டி இருக்கும். ஒவ்வொரு அறையிலும் ஓர் ஈய எழுத்து. அச்சுக் கோப்பவர் கையெழுத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்குவார். தமிழில் எழுத்துகள் அதிகம். அறைகளும் அதிகம். சில பக்கங்கள் சேர்ந்ததும் ஒரு பாரம் ஆகும். அதை இயந்திரத்தில் ஏற்றி அடிப்பார்கள். அடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடியும் அறைகளில் போடுவார்கள். அப்போதுதான் அடுத்த பாரத்துக்கு எழுத்து கிடைக்கும்.

அதே புத்தகத்தை மறுபடி அச்சிட வேண்டுமா? முதலிலிருந்து கோக்க வேண்டியதுதான்!

ஆகவே, பத்துப் பிரதி, இருபது பிரதி என்று அடித்தால் கட்டாது. நூற்றுக்கணக்கில் அடிக்க வேண்டும். காகிதத்துக்கும் கூலிக்கும் முன்பணம் கட்ட வேண்டும். விற்றால் உண்டு. விற்காவிட்டால் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். கரையான்தான் படிக்கும்.

பாரதியார் போட்ட கணக்கு

பத்து ஆண்டுகள் கழித்து, 1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். எல்லை தாண்டியதும் கைதானார். விடுதலை பெற்று, மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில் தங்கினார். பெட்டி நிறையக் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. அச்சிடத்தான் ஆள் இல்லை.

1920-ல் அவர் ஒரு திட்டம் போட்டார். தம் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரிப்பது. ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி. ஆக மொத்தம் 4 லட்சம் பிரதிகள்! அச்சுக்கு 20,000 ரூபாய். விளம்பரத்துக்கு 10,000 ரூபாய். நண்பர்கள் ஆளுக்கு 100 ரூபாயாவது கடன் கொடுத்தால் போதும். வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொன்னார்.

இத்தனை புத்தகம் விற்குமா? விற்கும் என்று அவர் நம்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீட்டுக்கு வீடு போவதைப்போலத் தம் புத்தகங்களும் போகும் என்று எழுதினார்.

பணம் வரவில்லை. திட்டம் நின்று போயிற்று. மறு ஆண்டு, 1921 செப்டம்பரில் பாரதியார் காலமானார். வயது 39 கூட நிறையவில்லை.

அவர் போட்ட கணக்கு தப்பா? இல்லை. 1949-ல் சென்னை அரசு அவருடைய எழுத்துகளின் உரிமையை வாங்கியது. பிறகு அவை பொதுமக்களுக்குச் சொந்தம் ஆயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். இன்று அவர் புத்தகம் இல்லாத தமிழ்ப் புத்தகக் கடை உண்டா? கணக்கு சரிதான். அதைப் பார்க்க அவர்தான் இல்லை.

இரண்டு பச்சிலை

புதுச்சேரியில் பாரதியாரைச் சுற்றி வந்த இளைஞர்களில் ஒருவர் கனக சுப்புரத்தினம். 1891-ல் இதே ஊரில் பிறந்தவர். பிரெஞ்சு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். குருவின் மேல் கொண்ட அன்பினால் "பாரதிதாசன்" என்று பெயர் வைத்துக் கொண்டார்.

அவரும் ஒரு மாயக் கதை சொன்னார். பாட்டிலேயே சொன்ன கதை அது. பெயர் "சஞ்சீவி பர்வதத்தின் சாரல்". 1930-ல் புத்தகமாக வந்தது. அதற்கு முன் அவர் பக்திப் பாட்டுகளை வெளியிட்டிருந்தார். இந்த மாதிரிக் கதை அவருக்குப் புதிது.

கதை இதுதான். குப்பன் என்ற வாலிபன். வஞ்சி என்ற பெண். இருவரும் சஞ்சீவி மலையில் ஏறுகிறார்கள். அங்கே இரண்டு பச்சிலைகள் இருக்கின்றன. ஒன்றைத் தின்றால் உலகத்தில் யார் எங்கே பேசினாலும் காதில் கேட்கும். மற்றொன்றைத் தின்றால் உலகத்துக் காட்சிகள் கண்ணுக்குத் தெரியும்.

பச்சிலையைத் தின்றதும் அயல்நாட்டார் பேச்சு கேட்கிறது. நம் நாட்டைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் கேட்கிறது. பிறகு நம் ஊர்ப் பாகவதர் ஒருவர் கதை சொல்வது கேட்கிறது. அனுமார் சஞ்சீவி மலையைப் பெயர்த்து எடுத்த இடம்! குப்பன் நடுங்கிப் போகிறான். தான் நிற்கும் மலையைத்தான் யாரோ தூக்குகிறார்கள் என்று நினைக்கிறான். வஞ்சிதான் அவனுக்குத் தைரியம் சொல்லி, அது வெறும் கதை என்று விளக்குகிறாள். யோசித்துப் பார் என்கிறாள்.

ஒரு பச்சிலையை வைத்துக்கொண்டு ஊரையே சிந்திக்க வைத்துவிட்டார் கவிஞர்! ஒத்துக் கொண்டவர்களும் உண்டு. கோபித்துக் கொண்டவர்களும் உண்டு. படித்தவர் எவரும் மறக்கவில்லை.

பாரதிதாசன் கவிதைகளின் முதல் தொகுதி 1938-ல் வந்தது. வெளியிட்டவர் குஞ்சிதம் குருசாமி என்ற அம்மையார். கவிஞரின் எழுத்தைப் படித்து ரசித்தவர். படித்தவரே பதிப்பாளர் ஆனார்!

பள்ளிக்கூடம் தராத கதைகள்

புதுச்சேரிக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தவர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் கிராமத்து விவசாயி. மழைக்காகத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியதாகத் தம்மைத் தாமே கேலி செய்து கொள்வார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு எழுதத் தொடங்கினார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த "மாயமான்" என்ற சிறுகதை 1958-ல் "சரஸ்வதி" பத்திரிகையில் வந்தது.

அதிகம் படிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. கிராமத்துக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். பேய்க் கதை, ராஜா ராணிக் கதை, மிருகங்கள் பேசும் கதை எல்லாம் அதில் அடங்கும். 2021 மே மாதம் புதுச்சேரியிலேயே காலமானார்.

மாயக் கதை எழுத நினைக்கும் புதியவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஏழு கடலையும் ஏழு மலையையும் வெளிநாட்டிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் ஏற்கனவே தாண்டி வந்திருக்கிறார்கள்!

இருபது பேர் வேண்டாம் என்றார்கள்

புதியவரின் புத்தகத்தை நம்பிப் பணம் போட யோசிப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

மும்பையில் அமீஷ் திரிபாதி என்பவர் நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தார். சிவபெருமானை மனிதனாக வைத்து ஒரு கற்பனை நாவல் எழுதினார். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை. 2010-ல் புத்தகம் வெளிவந்தது. முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக அச்சடித்துப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுத்தார். படித்தவர்கள், "மீதிக் கதை எங்கே?" என்று கேட்டு வந்தார்கள்! அந்த நாவல் "மெலூஹாவின் அமரர்கள்" என்று தமிழிலும் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பவோலினி என்ற பையன். 15 வயதில் எழுத ஆரம்பித்தான். ஓர் ஏழைச் சிறுவனுக்குப் பறக்கும் நாகத்தின் முட்டை கிடைக்கிறது. அதுதான் கதை. பெயர் "எரகான்". 2002-ல் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சொந்தமாக அச்சிட்டார்கள். பையன் பழங்கால உடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனான். நூலகம் நூலகமாகப் போனான். கதையைச் சொல்லிப் புத்தகத்தை விற்றான்.

அந்தப் பக்கம் ஒரு குடும்பம் விடுமுறைக்கு வந்தது. குடும்பத் தலைவர் கார்ல் ஹையாசென். அவர் ஒரு பிரபல நாவலாசிரியர். வீட்டுப் பிள்ளை "எரகா"னை வாங்கிப் படித்தான். கீழே வைக்க முடியவில்லை! அந்தச் செய்தி நாவலாசிரியர் மூலம் பெரிய பதிப்பகத்துக்குப் போயிற்று. 2003-ல் அந்தப் பதிப்பகமே புத்தகத்தை வெளியிட்டது. உலகமெங்கும் விற்றது.

கதவைத் திறந்தது யார்? ஒரு சிறுவன். ஒரு வாசகன்!

இன்றைய அச்சுக்கூடம்

இன்று நிலைமை மாறிவிட்டது. ஈய எழுத்து போய்விட்டது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு பிரதி கேட்டால் ஒரு பிரதி மட்டும் அச்சடித்துத் தரும் இயந்திரம் இருக்கிறது. கரையானுக்கு வேலை இல்லை!

காகிதமே இல்லாமலும் கதை வெளியிடலாம். 2014-ல் பெங்களூரில் தொடங்கிய "பிரதிலிபி"யில் புதியவர்கள் தமிழில் கதை எழுதுகிறார்கள். மக்கள் செல்போனில் படிக்கிறார்கள். அமேசான் கம்பெனி 2016 முதல் "கிண்டில்" கருவியில் தமிழ்ப் புத்தகங்களை விற்கிறது. எழுதியவரே அதில் தம் புத்தகத்தை ஏற்றலாம். அச்சுக் கூலி கிடையாது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் தேவை. "பணம் கட்டுங்கள், உங்கள் புத்தகத்தைப் போட்டுத் தருகிறோம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அல்லாதவர்களும் இருக்கிறார்கள். நகையை அடகு வைப்பதற்கு முன் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

எத்தனை பிரதி அடிப்பார்கள்? அவை எங்கே விற்கும்? விற்ற பணத்தில் எழுதியவருக்கு எவ்வளவு? உரிமை யாரிடம் இருக்கும்? நாலுக்கும் பதில் காகிதத்தில் வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். கதையை எழுதியவுடனே அதன் உரிமை எழுதியவருக்குச் சொந்தம். நம் நாட்டுச் சட்டப்படி அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை உண்டு. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். என்ற எண்ணை மத்திய அரசின் அலுவலகம் இலவசமாகவே தருகிறது. அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் உஷார்!

ஒரு வாசகர் போதும்

அச்சடிப்பது சுலபம் ஆகிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் சுலபம் ஆகவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய முதல் புத்தகத்தை இன்னொருவர் கையில் எடுத்துப் பிரிக்க வேண்டுமே, அதுதான்!

பாரதியாருக்கு 1920-ல் குறைந்தது அதுவே. கற்பனை குறையவில்லை. உழைப்பு குறையவில்லை. நூறு ரூபாய் கொடுத்து நம்பும் ஆட்கள்தான் குறைந்தார்கள்.

புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீடு இன்று நினைவு இல்லம். பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வீடும் அப்படியே. விடுமுறையில் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு வீட்டையும் எட்டிப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்காரர் தேரைப் பறக்க விட்டவர். இன்னொரு வீட்டுக்காரர் பச்சிலை கொடுத்தவர்.

திரும்பி வரும் வழியில் புத்தகக் கடை இருக்கும். மூலையில், பெயர் தெரியாத ஒருவரின் முதல் மாயக் கதை கிடக்கும். பிள்ளை அதைக் கேட்டு அடம் பிடித்தால், வாங்கிக் கொடுத்து விடுங்கள்.

யார் கண்டது? அடுத்த தேர் அதிலேகூட இருக்கலாம்!